கொடைக்கானலுக்கு முன்னால் ஒரு நிறுத்தம்... பெருமாள்மலை!

கொடைக்கானல் போய்வந்தவர்களிடம் "என்னென்ன பார்த்தீங்க?" என்று கேட்டால் ஏரி, பிரையண்ட் பூங்கா, கோக்கர்ஸ் வாக், தூண் பாறைகள், குணா குகை என்று பட்டியல் கடகடவென வரும். பெருமாள்மலையைப் பற்றிக் கேட்டால், "வண்டி நகராம நின்ன இடம்தானே?" என்பார்கள்.

கொடைக்கானல் நகரத்துக்குச் சுமார் 12 கிலோமீட்டர் முன்னால், கூம்பு மாதிரி எழுந்து நிற்கும் ஒரு சிகரத்தின் அடியில் இருக்கிறது இந்த ஊர். சிகரத்தின் பெயரேதான் ஊருக்கும். ஒரு கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், டீக்கடைகள், பழக்கடைகள், காய்கறி மூட்டை ஏற்றும் வண்டிகள். காருக்குள் இருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

ஆனால், கொடைக்கானலுக்கு ஏறிவரும் மூன்று முக்கியமான மலைச்சாலைகள் இங்கேதான் சந்திக்கின்றன. மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வருகிற வத்தலக்குண்டு சாலை ஒன்று. வடக்கே பழனியிலிருந்து வருவது இன்னொன்று. தெற்கே பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, அடுக்கம் வழியாக வருவது மூன்றாவது. மலை ஒன்றுதான். ஆனால் எந்தச் சாலையில் ஏறுகிறார்களோ, அதைப் பொறுத்துப் பயணிகள் பார்க்கும் மலை வேறாகிவிடுகிறது.

நடந்து ஏறியவர்களின் வழி

மூன்றில் பழைய வழி தெற்குப் பக்கம்தான். 1821-ம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவி என்ற மலைக்கிராமத்தில் தங்கி அங்கிருந்து மேலே ஏறினார். நல்ல காற்றும் குளிரும் உள்ள மலை, ஒழுங்காக அமைந்த கிராமங்கள், சுமார் 4,000 மக்கள் என்று அவர் எழுதிவைத்தார். கொடைக்கானல் என்ற நகரமே அப்போது கிடையாது. மலையில் மக்கள் இருந்தார்கள், விவசாயம் இருந்தது.

1834-ல் மதுரை துணை கலெக்டர் ராட்டன், தேவதானப்பட்டி பக்கமிருந்து ஏறிவந்து, அடுக்கம் கணவாயின் உச்சியில், செண்பகனூர் அருகே ஒரு சிறிய பங்களா கட்டினார். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்கப் பாதிரியார்கள் வந்து சேர்ந்தார்கள். சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பத்தோடு பலியாகிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். உயிர் பிழைக்க இடம் தேடி வந்தவர்கள் கட்டிய வீடுகளில்தான் இன்றைய நகரம் ஆரம்பித்தது. கோடை விடுமுறை என்ற எண்ணமெல்லாம் பிறகு வந்தது.

1875-ல் ரயில் வந்த பிறகும் பயணம் லேசாகிவிடவில்லை. இன்று 'கொடைரோடு' என்கிற அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கத்தில் இருந்த கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்புக்குப் போக வேண்டும். விடிந்ததும் மலையேற்றம். முடிந்தவர்கள் நடந்தார்கள், சிலர் மட்டக் குதிரையில் ஏறினார்கள். வசதி படைத்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்கு 'கூலி காட்' என்றே பெயர் வைத்திருந்தார்கள் ஆங்கிலேயர்கள். தூக்கிச் சென்றவர்களின் பெயர்கள் பயணக் குறிப்புகளில் பெரும்பாலும் நிற்கவில்லை.

இன்றைய அடுக்கம் சாலை அந்தப் பக்கத்துச் சரிவில்தான் ஏறிவருகிறது. கும்பக்கரை அருவியைத் தாண்டியதும் வெயில் குறைகிறது. காப்பி, எலுமிச்சை, பலா, மிளகுக்கொடி என்று தோட்டங்கள் தொடர்கின்றன. சாலை குறுகல். கனரக வாகனங்களுக்கு ஏற்றதல்ல. பெருமழை பெய்தால் மண் சரிந்து வழி அடைபடும். அதனால் பழக்கமில்லாதவர்கள் இரவில் இந்தப் பக்கம் வரக்கூடாது. பகலில் நிதானமாக ஏறுகிறவர்களுக்கு, 200 வருடங்களுக்கு முன்னால் வந்தவர்கள் பார்த்த மலையில் கொஞ்சமாவது கிடைக்கும். இதே சரிவில்தான் வார்டு தங்கியிருந்த வெள்ளகவியும் இருக்கிறது. ஊருக்குள் செருப்பு போடாமல் நடப்பது அங்கே இன்றும் வழக்கம். ஊரையே கோயிலாக நினைக்கிறார்கள்.

எல்லோரும் வரும் சாலை

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலைதான் இப்போது ராஜபாட்டை. 1910-களில் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்த இந்தச் சாலைக்கு லா என்ற ராணுவ அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அதன் பிறகு கூலி காட் பாதை மெல்ல ஓய்ந்துபோனது. இரண்டு நாள் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. இன்று சென்னையில் இரவுச் சாப்பாட்டை முடித்துக் கிளம்பும் குடும்பம், காலைச் சிற்றுண்டிக்கு மலையில் இருக்கிறது.

வழியில் டம் டம் பாறை என்ற இடத்தில் பெரும்பாலான வண்டிகள் நிற்கும். எதிர் மலையில் வெள்ளைக் கோடு இழுத்ததுபோல விழுவது தலையாறு அருவி. எலிவால் அருவி என்பதும் அதுதான். 975 அடி உயரம். தமிழ்நாட்டிலேயே உயரமான அருவி. கீழே மஞ்சளாறு அணை பளபளக்கும். மழை முடிந்த நவம்பர், டிசம்பரில் கோடு தடிப்பாக இருக்கும். ஏப்ரல், மே மாதத்தில் போய், "எங்கேப்பா அருவி?" என்று கேட்கிறவர்களும் உண்டு. காரணம், பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. சீசனில் கூட்டம் அதிகம், தண்ணீர் குறைவு.

ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, மச்சூர் என்று ஏறி பெருமாள்மலைக்கு வரும்போது காது லேசாக அடைக்கும், ஜன்னலைத் திறந்தால் யூகலிப்டஸ் வாசனை வரும். குழந்தைகள், "வந்தாச்சா?" என்று கேட்கும் இடமும் இதுதான். இங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டரில் வெள்ளி நீர்வீழ்ச்சி. 180 அடி உயரத்திலிருந்து விழுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழிந்துவரும் தண்ணீர். அதன் அருகில்தான் நகராட்சியின் சோதனைச்சாவடி. விடுமுறை நாட்களில் சாவடியில் தேங்கும் வரிசை பெருமாள்மலை வரை நீண்டுவிடும்.

பழத்தின் வழி

மூன்றாவது சாலை பழனியிலிருந்து வருகிறது. சுமார் 64 கிலோமீட்டர். பழனி ஆண்டவரைத் தரிசித்துவிட்டு, மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் குளிருக்குள் வந்து இறங்கும் குடும்பங்களைப் பெருமாள்மலையில் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். கையில் பஞ்சாமிர்த டப்பா இருக்கும். அந்தப் பஞ்சாமிர்தத்தின் உயிர் இந்த மலையின் வாழைப்பழம் என்பது பலருக்குத் தெரியாது.

நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் இருந்தாலும், தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து நாள்கணக்கில் கெடாமல் வைக்க, ஈரப்பதம் குறைந்த மலைவாழைதான் சரிப்படும். விருப்பாச்சி மலைவாழை, சிறுமலை வாழை இரண்டுக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் கிடைத்தது. அதே 2019-ல் பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டும் பட்டியலில் சேர்ந்தது.

குறியீடு கிடைத்தாலும் விவசாயிக்குக் கஷ்டம் தீரவில்லை. முடிக்கொத்து நோய் வந்து கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் மலைவாழைத் தோட்டங்கள் பெருமளவு அழிந்தன. வேரிலிருந்து குருத்து வரை வைரஸ் பரவி, இலைகள் கொத்தாகக் குறுகி, குலை தள்ளாமலே மரம் நின்றுவிடும். தப்பிய தோட்டங்களில் இப்போது காட்டுப்பன்றி, காட்டுமாடு, சில இடங்களில் யானை. காப்பி, மிளகு, சவ்சவ், பட்டர் ஃப்ரூட், பேரிக்காய் என்று பலவற்றைக் கலந்து நட்டுத்தான் சமாளிக்கிறார்கள். பெருமாள்மலைக் கடைகளில் தொங்கும் சிறிய, தடித்த தோல் கொண்ட மலைவாழைச் சீப்பின் விலையைக் கேட்டு, "ஊர்ல இதைவிடக் குறைவாச்சே" என்று நகர்ந்துவிடுகிறவர்கள் ஒரு பழத்தை உரித்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்தச் சுவை சமவெளி வாழையில் இல்லை.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள உறவு சாலையோடு முடிவதில்லை. கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பழனி தேவஸ்தான நிர்வாகத்தில் இருக்கிறது. 1936-ல் அதைக் கட்டியவர் இந்து சமயத்தைத் தழுவிய ஓர் ஐரோப்பியப் பெண்மணி. இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி, லீலாவதி ராமநாதன். வானம் தெளிவாக இருந்தால் கோயில் வாசலிலிருந்து பழனி தெரியும்.

4,000 பேர், 4,000 வண்டிகள்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ம் தேதியிலிருந்து கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தது நீதிமன்றம். கொடைக்கானலுக்கு வார நாட்களில் நாளொன்றுக்கு 4,000 சுற்றுலா வாகனங்கள், வார இறுதியில் 6,000.

1821-ல் வார்டு எண்ணிய மக்கள்தொகையும் 4,000தான். அன்று மலை முழுவதும் வாழ்ந்த தலைகளின் எண்ணிக்கையில், இன்று ஒரே நாளில் வண்டிகள் ஏற அனுமதி. அதுவும் கட்டுப்பாட்டுக்குப் பிறகான கணக்கு இது.

இந்தக் கூட்டத்தின் சுமை சுற்றுலாப் பயணிக்கு ஒரு மாதிரி தெரியும், பெருமாள்மலைக்காரர்களுக்கு வேறு மாதிரி தெரியும். பயணிக்கு அது இரண்டு மணி நேர எரிச்சல். உள்ளூர்க்காரருக்கு அப்படியல்ல. கொடைக்கானல் வாரச்சந்தை ஞாயிற்றுக்கிழமை. சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து கேரட், பீன்ஸ், பூண்டு மூட்டைகளோடு விவசாயிகள் போக வேண்டிய அதே நாளில்தான் கார்களும் குவிகின்றன. பெரிய சிகிச்சை தேவைப்படும் நோயாளியைத் தேனி, திண்டுக்கல், மதுரை என்று கீழே கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸும் இந்தச் சந்திப்பைக் கடந்துதான் இறங்க வேண்டும். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிறதே என்று ஒரு கார் வரிசையை உடைத்து முன்னேறினால், மேலிருந்து இறங்கும் சைரனுக்கு வழி இல்லாமல் போகிறது.

தண்ணீரும் கவலைக்குரியது. இந்த மலையின் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் பஞ்சு மாதிரி மழையை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைகளில் விடுகின்றன. வடக்கே இறங்கும் ஓடைகள் பழனியின் பாலாறு-பொருந்தலாறு அணைக்கு. தெற்கே இறங்குபவை மஞ்சளாறு அணைக்கும், பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் சோத்துப்பாறை அணைக்கும். பழனியில் முடி இறக்கிவிட்டுக் குளிக்கும் பக்தரும், வத்தலக்குண்டில் வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர் பாய்ச்சுபவரும் இந்த மலையை நம்பி இருக்கிறார்கள். ஓடையில் வீசப்படும் பாட்டிலும் பிளாஸ்டிக் தட்டும் அவர்களை நோக்கித்தான் உருளும். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருப்பது இதனால்தான்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் புரட்டிப்போட்டது. மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, சாலைகள் துண்டிக்கப்பட்டன. ஒரு சாலை அடைபட்டால் இன்னொன்று வழியாக அரிசியும் பாலும் மேலே வந்தாக வேண்டும். மூன்று சாலைகள் சேரும் ஊருக்கு அப்போதுதான் உண்மையான மதிப்பு தெரிகிறது.

ஒரு மணி நேரம் இறங்கினால்...

சரி, பெருமாள்மலையில் நின்றால் பார்க்க என்ன இருக்கிறது? டிக்கெட் கொடுத்து நுழையும் இடம் எதுவும் இல்லை. செல்ஃபி பாயின்ட் என்ற பலகையும் இல்லை. ஆனால் கொடைக்கானல் நகரத்தில் கிடைக்காத சில விஷயங்கள் இங்கே கிடைக்கின்றன.

முதலில், சிகரம். அதிகாலையில் மேகம் இல்லாத அரை மணி நேரத்தில் முழுசாகத் தெரியும். ஏழெட்டு மணிக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து இடுப்பளவு மூடிவிடும். கீழே நின்று இந்த ஆட்டத்தைப் பார்க்கவே ஒரு டீ நேரம் போதாது. உச்சிக்கு ஏற ஆசைப்படுகிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இந்தச் சரிவுகளில் காட்டுத்தீ பிடிக்கும் காலம். அணைக்காமல் எறியும் ஒரு பீடித்துண்டு போதும்.

அடுத்து, பேத்துப்பாறை செல்லும் சாலை. தோட்டங்களுக்கு நடுவே போகும் இந்தப் பகுதியில் பழங்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. நான்கு பக்கமும் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய ஈமச்சின்னங்கள். செண்பகனூர் சேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இந்த மலையின் கல்திட்டைகளைப் பற்றி எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. சாகுபடிக்காகவும் கட்டடத்துக்காகவும் கற்கள் எடுக்கப்பட்டதில் பல திட்டைகள் சிதைந்துவிட்டன. மிஞ்சியிருப்பவற்றின் மேல் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுப்பதைத் தவிர்த்தாலே பெரிய உதவி. அந்தப் பக்கத்து ஐந்து வீடு அருவியில் குளிக்க இறங்கி உயிரிழந்தவர்கள் உண்டு. தூரத்தில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது, கடைத்தெரு. காலையில் தோட்டத்திலிருந்து வரும் ஜீப்புகளில் அன்றன்றைக்கு எது விளைந்ததோ அது இறங்கும். மே மாதம் பிளம்ஸ், அடுத்து பேரிக்காய், பட்டர் ஃப்ரூட் என்று மாறிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல இடம் இல்லை. மிளகும் காப்பித்தூளும் வாங்கும்போது எந்த ஊர்த் தோட்டம் என்று கேட்டால் கடைக்காரர்கள் உற்சாகமாகவே பேசுவார்கள்.

போகிறவர்கள் கவனத்துக்கு...

* சொந்த வண்டி, வாடகை வண்டி எதுவானாலும் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். கட்டணம் இல்லை. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. வத்தலக்குண்டிலிருந்தும் பழனியிலிருந்தும் பேருந்துகள் பெருமாள்மலை வழியாகத்தான் போகின்றன.

* வெள்ளி மாலை ஏறி ஞாயிறு மாலை இறங்கும் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் பாதி நெரிசல் தப்பும். வார நாட்களில் வர முடிந்த ஓய்வுபெற்றவர்கள், சிறு குழந்தைகள் உள்ளவர்கள் செவ்வாய், புதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

* மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு முதல் வழி. இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்.

* சாலையோரம் காட்டுமாடு நின்றால் சாதுவாகத்தான் தெரியும். இறங்கிப் பக்கத்தில் போகக்கூடாது. வெள்ளி நீர்வீழ்ச்சிக் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்கக்கூடாது. 2013 முதல் பழனி மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம்.

* வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர், துணிப்பை, குப்பை போட ஒரு பை.

12 வருடங்களுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்த மலையில் கடைசியாகப் பூத்தது 2018-ல். அடுத்த முறை 2030. அந்த வருடம் வரும் கூட்டத்தோடு ஒப்பிட்டால் இன்றைய நெரிசல் ஒன்றுமே இல்லை என்று ஆகலாம். எத்தனை வண்டிகளை விடுவது என்று நீதிமன்றமும் அரசும் கணக்குப் போடுகின்றன. அது அவர்கள் வேலை. வருகிறவர்கள் கையிலும் ஒன்று இருக்கிறது. நாலு இடத்தை ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதற்குப் பதில், இரண்டு இடத்தை நின்று பார்க்கலாம். நகரத்தில் செலவழிக்கும் பணத்தில் கொஞ்சம் வழியில் உள்ள தோட்டக்காரர்களுக்குப் போகட்டும். அடுத்த முறை பெருமாள்மலையில் வண்டி நின்றால், ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கி ஒரு டீ குடிக்கலாம். கையில் ஒரு மலைவாழைப்பழம் இருந்தால் இன்னும் நல்லது.